கிரேஸ் எவரு?

போன திங்கட்கிழமை என் பழைய ஆபீஸிலிருந்து ஸ்வாதி கூப்பிட்டாள். கோயம்புத்தூர்ப் பெண். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். குரல் துக்கம் சொல்கிற மாதிரி இருந்தது.

"அக்கா, கட்டத்தைத் தூக்கிட்டாங்க்கா."

எந்தக் கட்டம் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குக் கட்டம் என்றால் ஒன்றுதான். வருஷா வருஷம் மார்ச் மாதம் ஒவ்வொரு ஊழியரும் நிரப்ப வேண்டிய சுயமதிப்பீட்டுப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் வெள்ளையாக வாயைத் திறந்துகொண்டு நிற்கும் ஒரு செவ்வகம். அதன் தலையில் ஒரு வரி: "உங்களைப் பற்றி, உங்கள் சொந்த வார்த்தைகளில்." இனி அது கிடையாதாம். அஞ்சு நட்சத்திரம் வருகிறதாம், வேண்டிய மட்டும் தொட்டுக்கொண்டு போகலாமாம். நீங்கதான் அந்த வேலையில ரிட்டயர்டு ஆள், புதுசா வந்தவங்களுக்காக ஒரு அனுபவக் கட்டுரை எழுதிக் கொடுங்க என்றாள்.

எனக்கு வயது முப்பத்துமூன்று. ஓய்வுபெற்றவள் என்று சொல்லி பஸ்ஸில் இடம் கேட்டால் இறக்கிவிட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு தொழிலில் பேர் வாங்கி, அதை விட்டு வந்து, பின்னாலேயே அந்தத் தொழிலும் செத்துப்போனால் அந்த மனுஷியை வேறு எப்படிச் சொல்வது? என் தொழில், மற்றவர்களுடைய "நான்" எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது.

சம்பளத்துக்குச் செய்த வேலை வேறு. பாளையங்கோட்டையில் ஆங்கிலம் எம்.ஏ. முடித்துவிட்டு 2002-இல் செகந்திராபாத் ஸ்டேஷனில் ஒரு சூட்கேஸோடும் பெரிய எழுத்தாளியாகிவிடும் உத்தேசத்தோடும் இறங்கினேன். மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி எழுத்து வேலை தந்தது. என்ன எழுத்து? "இந்தப் பொத்தானை அழுத்தவும். அழுத்திய பின் காத்திருக்கவும்." இதையே அறுநூறு பக்கத்துக்கு எழுத வேண்டும். டெக்னிகல் ரைட்டர் என்று பேர். பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு விதி: எழுதுகிறவள் எந்த வரியிலும் தெரியக் கூடாது.

தெரிவதற்கு வேறு இடம் வைத்திருந்தேன். மல்காஜ்கிரியில் மாடியில் ஒற்றை அறை. அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஏறியதும் கடைசி ஜன்னலைப் பிடித்து, யாரும் பேச்சுக் கொடுக்காமலிருக்க ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். அதன் வயர் எதிலும் சொருகியிருக்காது. மடியில் ஒரு நோட்டு. உலகத்துக்கு என்னை அறிமுகப்படுத்தப் போகிற நோட்டு. முதல் பக்கத்தில் "நான்" என்று எழுதினேன். பஸ் பேகம்பேட்டை தாண்டியது. அதற்கு அடுத்த வார்த்தை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நோட்டு பழசாகிக்கொண்டே போனது.

ஆனால் அடுத்தவர்களின் "நான்" மட்டும் எனக்குக் குழாயைத் திறந்த மாதிரி வந்தது. முதல் மார்ச்சில் பக்கத்து மேஜைப் பெண் கட்டத்தைப் பார்த்துப் பாதி அழுகையில் இருந்தாள். பாவம் பார்த்து நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு நல்ல மதிப்பீடு வந்தது. அடுத்த மார்ச்சில் கேன்டீனில் கை கழுவுகிற இடத்தருகே எனக்காக ஆட்கள் நின்றார்கள். கூலி, ஒரு பொட்டலம் உஸ்மானியா பிஸ்கட்.

என் முறை இதுதான். ஆளை எதிரே உட்காரவைத்து மூன்று கேள்வி கேட்பேன். இந்த வருஷம் யாரும் பார்க்காதபோது என்ன செய்தாய்? யாரை மனசுக்குள் அதிகம் திட்டினாய்? நாளைக்கு நீ வராவிட்டால் எது நின்றுபோகும்? பதில் சொல்லும்போது வார்த்தையைக் குறிக்க மாட்டேன், கையைப் பார்ப்பேன். கையை ஆட்டிப் பேசுகிறவனுக்குச் சின்ன வாக்கியம். கையைக் கட்டிக்கொண்டு பேசுகிறவனுக்கு நீளமான வாக்கியம், நடுவில் ஒரு "ஆனாலும்". ஒரு டீமில் ஒருவருக்குக் கொடுத்த பெரிய வார்த்தையை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று ரேஷன் பட்டியல் வேறு வைத்திருந்தேன். ஒரே ஒரு தடவை பட்டியலைப் பார்க்க மறந்து, கிரண் என்ற பையனையும் அவன் டீமிலேயே இன்னொருவனையும் "நான் ஒரு பாலம்" என்று எழுதிவிட்டேன். மேனேஜர் மீட்டிங்கில் இருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி, பாலம் ரெண்டு இருக்கு, ஆறு எங்கே என்று கேட்டார். கிரண் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்த மேனேஜர் பிரசாத் காருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குண்டூர்க்காரர்; அங்கே மரியாதைக்குப் பேரோடு காரு சேர்ப்பார்கள். படிவங்களைத் திரையில் படிக்கவே மாட்டார், அச்செடுப்பார். திரையில் மனுஷனை எடைபோட முடியாது என்பார். மார்ச் கடைசி வாரம் கண்ணாடி அறையில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பச்சைப் பேனாவோடு ஒவ்வொரு காகிதமாக எடுப்பார். "சோதனைகள் முடிக்கப்பட்டன" என்று யாராவது எழுதியிருந்தால் அடியில் கோடு போட்டு, ஓரத்தில் தெலுங்கில் "எவரு?" என்று எழுதுவார். யார் முடித்தது? "நாங்கள் முடித்தோம்" என்று இருந்தால் "எவரு? எவரு?" என்று இரண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் காகிதம் எல்லாம் பச்சைப்பசேலென்று திரும்பி வரும். நமக்குத்தான் தனியாளாகச் செய்ததைச் சொல்லவே கூச்சமாயிற்றே. வீட்டில் இட்லி அவித்தால்கூட "பண்ணியிருக்கோம்" என்றுதானே சொல்கிறோம்.

என்னிடம் வராத ஒரே ஆள் எட்வின் அண்ணன்.

செகந்திராபாத் தமிழர். தாத்தா காலத்திலேயே வந்துவிட்ட குடும்பம். தமிழ் பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் ஆமாம் என்பதற்கு ஒரு "ஹவ்", வேண்டாம் என்பதற்கு ஒரு "நக்கோ" என்று ஹைதராபாத் உருது விழுந்துகொண்டே இருக்கும். சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் ஒர்க்ஸில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து, கணினி படித்து எங்களிடம் டெஸ்டராக வந்தவர். அதாவது, மற்றவர்கள் எழுதிய மென்பொருளை உபயோகித்துப் பார்த்து, எங்கே உடைகிறது என்று, எங்கள் பாஷையில் எங்கே "பக்" என்று, ரிப்போர்ட் எழுதுகிறவர். மூலை மேஜை. சுவரைப் பார்த்த நாற்காலி. நாள் முழுக்க ஒரு திரையோடு தனியாக உட்கார்ந்திருப்பார்.

எப்படி இருக்கீங்க என்று கேட்டால் "கிருபை" என்பார். சாப்பிட்டாச்சா என்றாலும் "கிருபை". ஆண்டவரின் தயவு என்று அர்த்தம். நானும் அதே சபைக்காரிதான், எனக்குப் புரியும். கட்டத்துக்கும் அவரிடம் அதே பதில்தான். படிவம் ஆங்கிலத்தில்; அதில் கிருபைக்கு வார்த்தை கிரேஸ். என் அம்மா எனக்கு அதைத்தான் பேராக வைத்திருக்கிறாள்.

2008 மார்ச்சில் எட்வின் அண்ணன் கட்டத்தில் எழுதியது இரண்டே வரி. "கிரேஸால் எல்லாச் சோதனைகளும் நேரத்துக்கு முடிந்தன. கிரேஸால் பெரிய குறை எதுவும் வாடிக்கையாளருக்குப் போகவில்லை."

பிரசாத் காரு பச்சைப் பேனாவை எடுத்தார். "எவரு?" என்று எழுதப்போனவருக்கு, காகிதத்திலேயே பதில் இருந்தது. முதல் தடவையாக ஒருத்தன் யார் செய்தது என்று பேரோடு எழுதியிருக்கிறான். அவருக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு கிரேஸ்.

என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். தன் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார், அது வைஸ் பிரசிடென்ட்டுக்குக்கூட நடக்காத மரியாதை. மேனுவல் எழுதிக்கொண்டே டெஸ்டிங் வேலையையும் சத்தமில்லாமல் தாங்கியிருக்கிறாய், உன் படிவத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமா என்று கேட்டார். என் படிவத்தில் எதைப் பற்றியுமே வார்த்தை இல்லை. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசி நிமிஷத்தில், "மேனுவல்கள் எழுதினேன். மேலும் எழுதுவேன்" என்று போட்டு அனுப்பியிருந்தேன்.

சார், அது நான் இல்லை, அது இறையியல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். டீ சூடாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரலில் மேடையில் எனக்குக் கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள், "மௌனப் பங்களிப்பு" என்று பொறித்து. எட்வின் அண்ணன் முதல் வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார். அவருக்கு வந்த மதிப்பீடு கடைசிக்கு முந்தியது. கிரேஸ் எல்லாவற்றையும் செய்திருந்தால் எட்வினுக்கு என்ன மிச்சம்?

ஒரு வருஷம் அதை ஒரு தமாஷாகவே வைத்திருந்தேன். கல்லூரி ஹாஸ்டல் தோழிகளிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். அப்புறம் 2009 வந்தது. அமெரிக்காவில் பாங்குகள் கவிழ்ந்து, எங்கள் பஸ்ஸில் காலி ஸீட்டுகள் கூடின. தொடர்ந்து இரண்டு வருஷம் கீழ் மதிப்பீடு வாங்கியவர்கள் பேரை மேலே அனுப்பச் சொல்லி மேனேஜர்களுக்கு உத்தரவு. எட்வின் அண்ணனுக்கு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. என் உபயத்தில்.

அன்றைக்கு பஸ்ஸில் ஹெட்போனைக் கழற்றி பையில் போட்டுவிட்டு, அதே பஸ்ஸில் வருகிற அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டீ சூடாக இருந்தது வரைக்கும்.

கேட்டுவிட்டுச் சொன்னார். "தெரியும்மா. கோப்பை குடுத்த அன்னைக்கே தெரியும். கிரேஸுக்குப் பெரிய எழுத்து ஜி போட்டுட்டேன், ஆள் பேராயிருச்சு, சின்னது போட்டிருக்கணும். பக் நம்ம பக்கம்தான்."

"அப்போ ஏன் அண்ணே சொல்லலை?"

"ஆண்டவருக்குச் சின்ன ஜி எப்படிம்மா போடுறது?"

இந்த வருஷம் உங்களுக்கு நான் எழுதுகிறேன் என்றேன். பரிகாரமாக, பிஸ்கட் இல்லாமல். என் மொத்த வித்தையையும் இறக்கி ஒரு கட்டம் எழுதினேன். நான் முன்நின்றேன், நான் தடுத்து நிறுத்தினேன், நான் மாற்றிக் காட்டினேன். ரேஷன் பட்டியலில் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த வார்த்தைகள். மறுநாள் பஸ்ஸில் படித்துவிட்டுப் பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இந்த ஆளை எனக்குத் தெரியாது. இவன் பக்கத்து ஸீட்டுக்கு வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

அடக்கமான ஒன்று எழுதினேன். நக்கோ. உருக்கமாக ஒன்று. அதுவும் நக்கோ. வேலை போகப்போகுது அண்ணே என்று எரிந்து விழுந்தேன். "கைக்கு பரேஷான் ஆகுற?" என்று, எதுக்குக் கவலைப்படுற என்பதை அவர் உருதுவில் சொல்லி, என்னைச் சமாதானம் செய்தார். ஆனால் அவர் கைக்குட்டையை நாலாக மடித்து, பிரித்து, திரும்ப நாலாக மடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கையைப் பார்க்கிறவள் நான்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். சனத்நகரில் அவர் பார்த்துத் தேர்வான ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு எண் குத்துவாராம். பதினேழு. அதுதான் அவருடைய முத்திரை. பேர் கிடையாது. எங்கேயாவது ஒரு இயந்திரத்துக்குள்ளே அந்தப் பதினேழு இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கும், அது போதும் என்று இருந்துவிட்டாராம். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால்கூட, எழுந்து நின்று தன் கதையைச் சொல்ல வராமல், பாட்டுப் புஸ்தகம் அடுக்குகிற சாக்கில் பின்னால் போய்விடுவாராம்.

எனக்கு வழி தெரியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரங்களில் தனியாக உட்கார்ந்து அவர் எழுதிய ரிப்போர்ட்டுகளை முதலிலிருந்து படித்தேன். மென்பொருளில் கண்ட குறைகள். ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆறு வருஷமாக அவற்றை நாங்கள் யாரும் படித்ததில்லை, சரிசெய்தோம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், நான் தமிழில் சொல்கிறேன்.

"பொத்தான் சரி என்கிறது. சரியில்லை."

"திரை மன்னிப்புக் கேட்கிறது. எதற்கு என்று சொல்லவில்லை. எனக்குக் கவலையாகிவிட்டது."

"பேரில் இடைவெளி விட்டால் ஏற்க மறுக்கிறது. என் மாமியார் பேரில் இடைவெளி உண்டு. அவரிடம் இதை நான் விளக்க முடியாது."

"இந்தப் பக்கத்தில் யாரும் பத்து நிமிஷம் சும்மா இருக்க மாட்டார்கள் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். நான் இருந்தேன்."

கடைசியில் இருந்ததைத் திரும்பப் படித்தேன். நான் இருந்தேன். பின்னால் போய் மற்றதையெல்லாம் பார்த்தேன். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அது இருந்தது. டெஸ்டர் என்ன செய்தான் என்பதை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. நான் திறந்தேன். நான் அழுத்தினேன். நான் காத்திருந்தேன். நான் திரும்ப அழுத்தினேன். யார் முன்னாலும் எழுந்து நிற்காத மனுஷன், சுவரைப் பார்த்த நாற்காலியில் ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை "நான்" என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். கூச்சமே இல்லாமல்.

ஓடிப்போய்ச் சொன்னேன். "அண்ணே, கட்டத்துல ஒரு பக் இருக்கு. ரிப்போர்ட் எழுதுங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கீபோர்டை இழுத்துக்கொண்டார். கால்மணி நேரம். என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"குறை: சுயமதிப்பீட்டுக் கட்டம் எட்வினை ஏற்பதில்லை. செய்தவை: நான் படிவத்தைத் திறந்தேன். நான் கேள்வியைப் படித்தேன். நான் காத்திருந்தேன். நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தேன், கேள்வி அங்கேயே இருந்தது. எதிர்பார்த்தது: ஒரு மனுஷன் தான் செய்ததைச் சொல்ல வேண்டும். நடந்தது: சொல்ல வரவில்லை. தீவிரம்: போன வருஷம் குறைவு, இந்த வருஷம் அதிகம். மாற்று வழி: இத்துடன் இணைத்துள்ள ரிப்போர்ட்டுகளைப் பார்க்கவும். எல்லாவற்றிலும் நான் இருந்தேன்."

அதோடு நிறுத்திவிட்டு அனுப்பப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தி, கீழே ஒரு வரியை நானே தட்டினேன். "குறிப்பு: போன வருஷப் படிவத்தில் வரும் கிரேஸ் இந்தக் கம்பெனி ஊழியர் அல்ல."

"நக்கோம்மா. உன் கோப்பை போயிரும்" என்றார்.

போகட்டும் என்று அனுப்புகிற பொத்தானையும் நானே அழுத்தினேன்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார் பிரசாத் காரு. டீ இல்லை. மேஜையில் எட்வின் அண்ணனின் காகிதம் பச்சை படாமல் கிடந்தது. பேனா மூடியைக் கடித்தார். பிறகு கேட்டார்.

"கிரேஸ் எவரு?"

"தேவுடு, சார்."

கடவுளைத் தேடுகிற மாதிரி கூரையைப் பார்த்தார். அவருக்கு எம்ப்ளாயீ நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் மதிப்பீட்டை எட்வின் பேரில்தான் போட வேண்டும் என்றார். நான் கதவைத் திறக்கும்போது, உன்னுடைய போன வருஷ மதிப்பீட்டைத் திருத்த மேலே எழுதுகிறேன், அடுத்த வருஷம் உன் கட்டத்தை நானே உட்கார்ந்து படிப்பேன் என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

எட்வின் அண்ணன் பேர் பட்டியலில் போகவில்லை. ஆனால் பட்டியல் சுருங்கவில்லை. கிரண் பேர் போயிற்று. பாலம். அவனுக்கு நாலு வருஷமாக நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி நாளில் பிரசாத் காரு அவனிடம், உன் படிவம் பிரமாதம், ஆனால் நீ என்ன செய்தாய் என்றுதான் கடைசிவரை புரியவில்லை என்றாராம். அவன் என்ன செய்தான் என்று என்னிடம் சொல்லியிருந்தான். அது அழகாக இல்லை என்று நான்தான் விட்டுவிட்டு, பாலம் கட்டினேன். மென்பொருளைத் திருப்பி நிறுவ வேண்டி வரும்போதெல்லாம் சனிக்கிழமை வந்து செய்துகொடுத்தவன் அவன். இதை இப்போதாவது எழுதிவைக்கிறேன்.

அதோடு அடுத்தவர் கட்டத்தில் கைவைப்பதை விட்டேன். வந்தவர்களிடம் மூன்று கேள்வியை மட்டும் கேட்டு, போய் நீயே எழுது என்று அனுப்பிவிடுவேன். பிஸ்கட் வரத்து நின்றது. கோப்பையை எட்வின் அண்ணன் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "அடி சமமா இல்லம்மா, ஆடுது" என்றார். அடியில் காகிதம் மடித்து வைத்தார்.

அடுத்த மார்ச்சில் அவர் என் படிவத்தைக் கேட்டார். நான் என்னுடையதைக் காட்டினேனே, நீ காட்டு என்றார். அதே இரண்டு வரி. மேனுவல்கள் எழுதினேன், மேலும் எழுதுவேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மத்தியானம் கம்பெனியின் குறைப் பட்டியலில், மற்ற பக்குகளோடு பக்காக ஒன்று என் பேருக்கு வந்திருந்தது.

"குறை: கிரேஸின் கட்டம் காலி. செய்தவை: நான் பார்த்தேன். நான் காத்திருந்தேன். எதிர்பார்த்தது: எனக்குத் தெரியாது, கிரேஸுக்குத் தெரியலாம். பொறுப்பு: கிரேஸ். நிலை: திறந்திருக்கிறது."

அதை அழிக்க எனக்கு அனுமதி இல்லை, போட்டவர்தான் மூட முடியும். திங்கட்கிழமைதோறும் அந்த சிஸ்டம் தானாக ஒரு மெயில் அனுப்பும்: உங்கள் பேரில் ஒரு குறை திறந்திருக்கிறது. இரண்டு வருஷம், ஒரு திங்கள் தவறாமல். மேனுவல் எழுதிக்கொண்டிருந்தவள் 2012-இல் ராஜினாமா கடிதம் எழுதியதற்கு வேறு பெரிய காரணம் தேடாதீர்கள். அந்த மெயில்தான்.

அதிலும் வம்பு. அட்மின் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, உங்க பேர்ல ஒரு பக் ஓப்பன்ல இருக்கு, அதை முடிக்காம ரிலீவிங் லெட்டர் தர முடியாது என்றுவிட்டாள். எட்வின் அண்ணனிடம் போய் நின்றேன். மூட மாட்டேன் என்றார், சரியாகாததை மூடுவது தப்பு என்றார். கடைசியில் நிலையை மாற்றிக் கொடுத்தார்: "அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம்." அதைக் காட்டித்தான் வெளியே வந்தேன்.

ஸ்வாதியிடம் பேசிவிட்டு, கட்டம் போன சேதியை அவருக்குச் சொல்ல வேண்டுமென்று தோன்றியது. நம்பர் மாற்றியிருந்தேன், அவரிடம் என் புது நம்பர் இல்லை. நானே கூப்பிட்டேன். எடுத்தவுடன், ஹைதராபாத்தில் எல்லோரும் கேட்கிற மாதிரி, தெலுங்கில் கேட்டார்.

"எவரு?"

"நான்தான்" என்றேன்.

கீபோர்டு தட்டுகிற சத்தம் நின்றது.

"ஹவ்" என்றார். "சொல்லும்மா."